அச்சகத்துக்கு இன்க்ஸ்கேப் போதுமா?

கேள்வி: ஐயா, காப்பாரில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும்தான் பெரும்பாலும். கணினியில் இருக்கும் கோரல்டிரா, ஃபோட்டோஷாப் இரண்டும் யாரோ ஏற்றித் தந்த நகல்கள். முறையாக வாங்கக் கையில் வசதியில்லை. மகள் இன்க்ஸ்கேப் போடச் சொல்கிறாள். பழைய கோப்புகள் திறக்குமா? அச்சு கெட்டுப்போகாதா?
- அச்சக உரிமையாளர், காப்பார்

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். நகல் மென்பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தோடு கடை நடத்த வேண்டாம். கோரல்டிரா செய்யும் வேலைக்கு இன்க்ஸ்கேப், படங்களுக்கு கிம்ப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்று மூன்றும் விலையில்லாமல் கிடைக்கின்றன. விண்டோசிலேயே இயங்கும். வணிகத்துக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. நம் அரசாங்கமே 2004இல் பொதுத்துறைக்குத் திறந்தமூல மென்பொருள் திட்டம் வகுத்ததுதான்.

கோரல் கோப்புகளை இன்க்ஸ்கேப் ஓரளவு திறக்கும். கோடுகளும் வடிவங்களும் வந்துவிடும். நிழலும் வண்ணக் கலவையும் சில சமயம் குலையும். உண்மையான சிக்கல் எழுத்தில்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய அழைப்பிதழ், கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஏற்பாடு. எழுத்துருவை மாற்றினால் மணமக்கள் பெயர் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகிவிடும். எந்த மென்பொருளுக்குப் போனாலும் இது கூடவே வரும். ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாறுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற திறந்தமூல நிரல்தொகுப்பில் பழைய குறியீடுகளை மாற்றும் வசதி உண்டு. மகள் கொஞ்சம் பைத்தான் அறிந்தவர் என்றால் அவரிடமே ஒப்படைத்துவிடலாம். அஞ்சல் அல்லது தமிழ்99 முறையில் தட்டிப் பழகியவரானால் தட்டும் முறை மாறாது: அந்த விசைப்பலகைகள் இரண்டும் விண்டோசிலேயே இருக்கின்றன. அழைப்பிதழுக்கு ஏற்ற எழுத்துருக்கள் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். மீரா இனிமை, கவிவனார், அரிமா, பலூ தம்பி ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை.

எல்லாக் கோப்புகளையும் மாற்றப் புறப்படாதீர்கள், வருடமெல்லாம் அதிலேயே போய்விடும். வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் வடிவங்களை மட்டும் புதிதாகச் செய்து வையுங்கள்.

நிறத்தில் கவனம் வேண்டும். இன்க்ஸ்கேப் திரைக்குரிய நிறமுறையில் இயங்குவது. அதை அப்படியே ஆஃப்செட்டுக்கு அனுப்பினால் குங்குமச் சிவப்பு மங்கி வரலாம். வடிவத்தை ஸ்கிரைபசில் கொண்டுவந்து, நிறங்களை நான்கு மை முறையில் வரையறுத்து, பிடிஎஃப் எக்ஸ்-3 ஆக எடுத்துக் கொடுங்கள். ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் வந்தது. பழைய 1.4இல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், தமிழுக்கு உதவாது. கிம்ப் ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறக்கும், ஆனால் அடுக்குகளின் சிறப்பு விளைவுகள் முழுதாக வராது.

ஆடி மாதத்தில் தொடங்குங்கள். திருமண வேலை குறைந்திருக்கும். அம்மன் கோயில் நோட்டீசுகள் வரும். ஓரிரு நிறத்தில் முடிகிற வேலை என்பதால் கை பழக அதுவே வசதி.