ஆத்தோட போனா கடலூர்: பெண்கள் கால்பந்து வளர்ந்த கதை

மூங்கில்துறைப்பட்டுன்னு சொன்னா தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்னு சர்க்கரை ஆலை, இன்னொன்னு தென்பெண்ணை. சாத்தனூர் அணையைத் தாண்டி எங்க ஊரைத் தொட்டுட்டு, திருக்கோவிலூர் வழியா ஓடுற ஆறு கடலூர்கிட்ட கடலில் கலக்குது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து எப்படி வளர்ந்ததுன்னு தெரிஞ்சுக்க, நாமும் ஆத்தோடவே போய்க் கடலூர்ல இறங்கணும்.

2004 சுனாமியில் ரொம்ப அடிபட்ட மாவட்டங்கள்ல கடலூர் ஒன்று. அங்கே அரசு இல்லத்தில் தங்கிப் படிச்ச பெண் பிள்ளைகளுக்கு மாரியப்பன் என்கிற பயிற்சியாளர் கால்பந்து கத்துக்கொடுத்தார். இந்திய அணிக்கு ஆடுற சந்தியா ரங்கநாதன் கடலூர் அரசு இல்லத்தில் வளர்ந்தவர். இந்திய அணி மிட்ஃபீல்டர் இந்துமதி கதிரேசனும் கடலூர்தான்.

ஏன் ஒரு இல்லத்திலிருந்து இத்தனை பேர்? என் கணக்கு இது: விடுதியில் தங்குற பிள்ளைக்கு தினமும் அதே கிரவுண்டு, அதே கோச், நேரத்துக்குச் சாப்பாடு. "பொழுது சாய்ஞ்சிடுச்சு, வீட்டுக்கு வா"ன்னு கூப்பிட ஆள் இல்லை. (சோகமான காரணம்தான், ஆனா யோசிச்சுப் பாருங்க.) எங்க ஊர்ப்பக்கம் ஒரு பொண்ணு விளையாட்டை விடுறது பெரும்பாலும் திறமை இல்லாம இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, அவ்வளவுதான்.

தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப் 1991-ல் தொடங்கியதிலிருந்து மணிப்பூர் ராஜ்ஜியம்தான். 2018-ல் கட்டாக்கில் அந்த மணிப்பூரையே 2-1 என்று ஜெயிச்சு தமிழ்நாடு முதல் முறையா கோப்பையைத் தூக்கியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வீழ்த்தி ரெண்டாவது தடவை. நடுவுல 2019 மே மாதம் லூதியானாவில் மதுரை சேது எஃப்சி மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன் ஆச்சு. சேது எஃப்சிக்குப் பின்னாடி இருந்தது காரியாபட்டி பக்கத்து ஒரு இன்ஜினியரிங் காலேஜ். ஆமா, நம்மளை மாதிரி ஒரு காலேஜ்!

இப்போ கொஞ்சம் கணக்கு. அந்த 2019 லீக் ஒரே ஊர்ல மூணு வாரத்துக்குள் முடிஞ்சு போச்சு. வருஷத்துல மூணு வாரம் வேலை இருக்குன்னு சொன்னா எந்த வீட்ல ஒத்துக்குவாங்க? 2023-24-ல் ஏழு அணிகள் சொந்த ஊர், எதிரணி ஊர்னு மாறி மாறி ஆட ஆரம்பிச்சாங்க. n அணின்னா ஒவ்வொருத்தருக்கும் 2(n-1) ஆட்டம். ஏழுக்கு 12. அடுத்த சீசன்ல எட்டு அணி, அப்போ 14. லீக் மாசக்கணக்கில் நீண்டா கான்ட்ராக்டும் நீளும், பிசியோவும் கூட இருப்பார். இந்துமதி தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். வீட்டை ஒத்துக்க வைக்க மெடலை விட அந்த மாதிரி ஒரு வேலை அதிகம் பேசும்.

உலகத்தோட ஒப்பிடணும்னா ஆஸ்திரேலியாவைப் பாருங்க. நம்ம விமன்ஸ் லீக் 2017 ஜனவரி 28-ல் டெல்லியில் தொடங்கின அதே வாரம், பிப்ரவரி 3-ல் மெல்போர்ன்ல அவங்க ஊர் ஸ்டைல் ஃபுட்பாலுக்கு (முட்டை வடிவப் பந்து, கையாலும் குத்தலாம்) பெண்கள் லீக் தொடங்கியது. முதல் மேட்சுக்கே 24,000 பேருக்கு மேல் வந்து, கேட்டை மூட வேண்டியதாச்சு. எட்டு அணிகள் 2022-ல் பதினெட்டு ஆயிடுச்சு. 2019 இறுதி ஆட்டத்துக்கு அடிலெய்டில் 53,034 பேர். சும்மா ஒரு தகவல்: 1920-ல் லிவர்பூலில் ஒரு பெண்கள் கால்பந்து மேட்சுக்கும் கிட்டத்தட்ட அதே 53,000 பேர் வந்தாங்க. அடுத்த வருஷமே இங்கிலாந்து சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அது நீங்க ஐம்பது வருஷம் ஆச்சு. ஆள் வரலைன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் ஏன் இவ்வளவு வேகம்? புது கிளப் கட்டலை. ஏற்கெனவே மைதானம், ரசிகர், டாக்டர் எல்லாம் வெச்சிருந்த ஆண்கள் கிளப்புகளே பெண்கள் அணி தொடங்கினாங்க. இங்கேயும் அது ஆரம்பிச்சிருக்கு: 2024-ல் ஒடிசா எஃப்சி, 2025-ல் ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். 2025 ஜூலையில் நம்ம பெண்கள் தாய்லாந்தை அவங்க ஊர்லயே 2-1 என்று ஜெயிச்சு 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றாங்க. அதை நடத்துற நாடும் ஆஸ்திரேலியாதான்.

இதை காலேஜுக்குக் கொண்டு வாங்க. கிரவுண்டு இருக்கு, பந்து இருக்கு, பி.டி. சார் இருக்கார். "பதினொரு பேர் சேரலை"ன்னு ஒரு பதில் எல்லா காலேஜிலும் ரெடியா இருக்கும். ஏழு பேர் போதும், பாதி கிரவுண்டு போதும், செவன்ஸ் ஆடலாம். முதல்ல ஒன்னு பாருங்க: லேடீஸ் ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடுறாங்க, கிரவுண்டு லைட்டை எத்தனை மணிக்குப் போடுறாங்க? ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் கிடைக்குதான்னு கேட்டு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடுறோம்.