அனுப்பியாயிற்று என்றால் போய்ச் சேர்ந்ததா?

நம் சங்கக் குடும்பங்களில் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். சி மொழியில் வலைத்தொடர்பு புரோகிராம் எழுதத் தொடங்கியதும் பலருக்கு ஒரே சந்தேகம் வருகிறது. "அனுப்பு என்றேன், பிழை எதுவும் இல்லை என்றது, செய்தி மட்டும் போய்ச் சேரவில்லையே?" இரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழியில் விளக்கப் பார்க்கிறேன்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பாகாலா ஜங்ஷன் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடுமுன் அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். கருவி பழுதாகித் தொலைபேசியில் கேட்கும்போது 'சரி' என்ற சொல் போதாது. எதிர்முனையில் இருப்பவர் தம் தாளிலிருந்து ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல, இவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பிரைவேட் நம்பர் என்று பெயர். இவரால் அதை ஊகிக்க முடியாது என்பதே அதன் பலம். அது இல்லாமல் வண்டியை விட்டால் எதிரே இன்னொரு வண்டி வரக்கூடும்.

இப்போது சித்தூரில் ஒரு கணிப்பொறி, திருப்பதியில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 1983-இல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த சாக்கெட் முறைதான் இன்றும் அடிப்படை. 'சென்ட்' என்று சொன்னால், செய்தி சித்தூர் இயங்குதளத்தின் தாங்கியில் போடப்படுகிறது, அவ்வளவே. தாங்கி நிரம்பியிருந்தால் புரோகிராம் அங்கேயே காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் லிப்யுவி போன்ற நூலகங்கள். நோட் ஜேஎஸ்ஸுக்காக உருவான இது முழுக்க சி மொழியில் எழுதப்பட்டது.

இதில் 'யுவி_ரைட்' என்றதும் உடனே திரும்பிவிடும். வேலை முடிந்தபின் நாம் குறித்துக் கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடும். இங்கே பிள்ளைகள் அதிகம் இடறும் இடம் ஒன்று. அந்த அழைப்பு வரும்வரை செய்தி இருக்கும் நினைவகத்தைத் தொடக் கூடாது. ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு வரிசையை அறிவித்து அதைக் கொடுத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறொன்றுக்குப் போய்விடும். திருப்பதிக்குக் குப்பைதான் போகும். மாலாக் செய்து கொடுத்து, அழைப்பு வந்தபின் ஃப்ரீ செய்யுங்கள். யுவி_ரைட்டுக்குத் தரும் கோரிக்கைப் பொருளுக்கும் இதே விதி.

அழைப்பில் 0 வந்தால்? சித்தூர் இயங்குதளம் வாங்கிக்கொண்டது என்று பொருள். டிசிபி தானே ஒப்புகை வாங்கினாலும், அது திருப்பதி இயந்திரம் வரை வந்ததற்குத்தான் சாட்சி. அங்குள்ள புரோகிராம் படித்ததற்கு அல்ல. பணம், டிக்கெட் விஷயம் என்றால் நம் பிரைவேட் நம்பரை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுங்கள். திருப்பதி புரோகிராம் வேலையை முடித்து அந்த எண்ணைத் திருப்பி அனுப்பும்வரை நகலை வைத்திருங்கள். தொடர்பு அறுந்து மறுபடி கிடைத்தால் ஒப்புகை வராதவற்றை மீண்டும் அனுப்புங்கள். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் திருப்பதி பக்கம் வேலையைத் திரும்பச் செய்யாமல் ஒப்புகையை மட்டும் அனுப்ப வேண்டும். இல்லையேல் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படும்.