கட்டுச்சோத்து மூட்டையோட கிளம்புவோம்!

லீவு விட்டதும் ஊட்டி, கொடைக்கானல்னு பேச்சை ஆரம்பிச்சா, ரூம் வாடகையிலேயே பாதி மாசச் சம்பளம் காலி. எங்களுக்குத் திருச்சி. காலையில போய் ராத்திரி வீட்டுக்கே வந்து படுத்துக்கிற தூரத்துல இத்தனை இருக்கான்னு அஞ்சாறு வருஷமா சுத்திப் பார்த்துட்டுத்தான் எழுதறேன். நீங்க எந்த ஊரா இருந்தாலும் இடத்தோட பேரை மட்டும் மாத்திக்கோங்க, மத்ததெல்லாம் பொருந்தும்.

1. முதல்ல வீட்டுக் காலண்டர் பின்பக்கம் மூணு பத்தி போடுங்க: அரை நாள், ஒரு நாள், ரெண்டு நாள். எங்க லிஸ்ட்ல அரை நாளுக்கு முக்கொம்பு, கல்லணை; ஒரு நாளுக்கு தஞ்சாவூர், சித்தன்னவாசல், கொல்லிமலை; ரெண்டு நாளுக்கு தரங்கம்பாடி. 'எங்க போகலாம், எங்க போகலாம்'னு லீவுல பாதியைப் பேசியே கழிக்கிற வேலை மிச்சம்.

2. எந்த லீவுக்கு எந்த இடம்னு பிரிச்சுக்கறதுதான் பெரிய சூட்சுமம். மே மாசம் கல்லணைக்குப் போனா பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கணும். மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12-ல தண்ணி திறப்பாங்க. திறந்து விட்டாங்கன்னா ஆடியிலேர்ந்து காலாண்டு லீவு வரைக்கும் ஆத்தோரம் போகலாம். அரையாண்டு லீவுல வெயில் தாழ்ந்திருக்கும், அப்போ கோயில், கோட்டை, அரியலூர் பக்கம் கரைவெட்டி ஏரிப் பறவைகள்னு வச்சுக்கோங்க. மே மாசத்துக்கு மலைக்குகையும் மியூசியமும், அதுவும் விடியற்காலைக் கிளம்பல்தான்.

3. ஒரு நாளைக்கு ஒரே இடம். 'வந்ததுதான் வந்தோம், அப்படியே அதையும் பார்த்துடலாம்'னு யாராவது ஆரம்பிச்சா காதுல வாங்காதீங்க. ஒரு தடவை தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூணையும் ஒரே நாள்ல முடிச்சோம். மூணும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற கோயில், ஆனா என் சின்னவனுக்கு அன்னைக்கு ஞாபகம் இருந்தது வேனோட சீட் கவர் மட்டும்தான்.

4. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணுல 'ஊர்சுத்திப் பணம்'னு பேப்பர் ஒட்டி ஃபிரிட்ஜ் மேல வைங்க. பழைய பேப்பர் போட்ட காசு, பால்காரர் கொடுத்த மீதிச் சில்லறை எல்லாம் அதுக்குள்ள போகட்டும். பஸ்ஸுக்குச் சில்லறை தேடற வேலையும் இருக்காது.

5. சாதாரண கட்டண டவுன் பஸ்ல 2021-லேர்ந்து பெண்களான நமக்கு டிக்கெட் இல்லைங்கறது தெரிஞ்சதுதான். ஆனா அதை ஆபீஸ், மார்க்கெட்டோட நிறுத்திக்கறோம்! கல்லணை, முக்கொம்புக்கெல்லாம் டவுன் பஸ் போகுது. நானும் என் நாத்தனாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு சாயங்காலம் முக்கொம்பு போய்ட்டு வந்த செலவு, மாங்கா பத்தையும் பிள்ளைங்க டிக்கெட்டும்தான்.

6. அரசு பஸ்ல அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் வேணாம், அதுக்கு மேல பன்னெண்டு வரைக்கும் அரை டிக்கெட். ரயில்லயும் அஞ்சு வயசுக்குள்ள இலவசம். ஆனா அஞ்சு முதல் பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு ரிசர்வேஷன்ல தனி பெர்த் கேட்டா முழு டிக்கெட். வளர்த்தியான பிள்ளைன்னா ஆதார் அட்டையை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கண்டக்டரோட வாக்குவாதம் மிச்சம்.

7. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போக எங்க ஓட்டு ரயிலுக்குத்தான். முன்பதிவு இல்லாத டிக்கெட் பஸ்ஸை விட மலிவு, ஜன்னலோரம் வயல் பார்க்கலாம், பாத்ரூம் கவலையும் இல்லை. திரும்பி வர்ற ரயிலோட நேரத்தை மட்டும் போகும்போதே ஸ்டேஷன் போர்டுல பார்த்து போன்ல படம் பிடிச்சுக்கோங்க.

8. மூணு குடும்பம் சேர்ந்து வேன் எடுத்தா தலைக்கு வர்ற செலவு நல்லாவே குறையும். ஆனா பேசும்போதே டோல், டிரைவர் பேட்டா, குறைஞ்சபட்ச கிலோமீட்டர், ராத்திரி பத்து மணிக்கு மேல ஆனா எவ்வளவுன்னு நாலையும் கேட்டு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா அனுப்பி, 'சரி'ன்னு பதில் வாங்கிடுங்க. நாங்க வாங்காம விட்ட ஒரே தடவை, வீட்டு வாசல்ல நின்னு அரை மணி நேரம் கணக்குப் பார்த்தோம்.

9. இனி சோறு. புளிக்காய்ச்சலை முந்தின நாளே செஞ்சுடுங்க. காலையில சாதத்தைத் தாம்பாளத்துல கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, முழுசா ஆறின பிறகுதான் காய்ச்சலைக் கலக்கணும். சூட்டோட மூடினா உள்ளே வேர்த்து, மதியத்துக்குள்ள ஒரு மாதிரி வாடை வந்துடும். தணல்ல வாட்டின வாழை இலையில கட்டி மேல பேப்பர் சுத்துங்க. கழுவற பாத்திரமும் மிச்சம், சாயங்காலம் திரும்பும்போது பையும் பாதி கனம்தான்.

10. தயிர்சாதத்துக்குத் தயிரைக் கலந்து எடுத்துட்டுப் போனா மதியம் புளிச்சுப் போகும். சாதத்தைக் குழைய வடிச்சு, காய்ச்சி ஆறின பாலை ஊத்திப் பிசைஞ்சு, ரெண்டே ஸ்பூன் தயிர் விட்டு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டிடுங்க. உப்பு ஒரு கல் கம்மியாவே போடுங்க, ஊறுகாய் இருக்கே. பஸ்ஸுக்குள்ளயே உறைஞ்சு, இலையைப் பிரிக்கும்போது சரியான பதத்துல இருக்கும்.

11. தேங்காய்ச் சட்னி, அப்பளம் ரெண்டும் வேண்டாம். ஒண்ணு ஊசிப்போகும், இன்னொண்ணு நமுத்துப்போகும். தேங்காயைச் சிவக்க வறுத்து அரைச்ச துவையல், ஈரம் போக வறுத்த உருளைக்கிழங்கு, மிளகாப்பொடி தடவின இட்லி போதும். இட்லிக்கு ரெண்டு பக்கமும் பொடி தடவி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அரை மணி நேரம் ஊற விட்டுட்டுக் கட்டுங்க.

12. தண்ணி பாட்டிலைப் பாதி நிரப்பி, படுக்கவச்சு ஃபிரீசர்ல ராத்திரி விட்டுடுங்க. காலையில மீதியைக் குடத்துத் தண்ணியால நிரப்பினா மதியம் வரைக்கும் ஜில்லுனு இருக்கும். பழைய கால் சாக்ஸுக்குள்ள நுழைச்சுட்டா பையும் நனையாது.

13. சாக்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. பெரிய கோயில் பிராகாரத்துல பதினோரு மணிக்கு மேல கால் வைக்க முடியாது. பிள்ளைங்க நடக்காது, குதிக்கும். ஸ்கூல் சாக்ஸ்ல குதிகால் கிழிஞ்சதைத் தூக்கிப் போடாம இதுக்குன்னு எடுத்து வைங்க. 1010-ல கட்டி முடிச்ச கோபுரத்தை, இருநூறு அடிக்கு மேல, நிதானமா அண்ணாந்து பார்க்கணும்னா கால் சுடாம இருக்கணும்ல? போன வருஷம் எங்களைப் பார்த்துட்டு ஒரு பாட்டி, 'எனக்கு ஒரு ஜோடி இருக்கா கண்ணு'ன்னு கேட்டாங்க. இப்போ ரெண்டு ஜோடி கூடுதலாவே எடுத்துட்டுப் போறோம்.

14. கோயில் ஊர்னா மதியம் நடை சாத்திட்டு நாலு மணிக்கு மேலதான் திறப்பாங்க. அந்த நேரத்தை அரண்மனை, மியூசியம்னு நிழல்ல கழிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. தஞ்சாவூர்னா அரண்மனைக்குள்ள இருக்கிற கலைக்கூடத்துல வெண்கலச் சிலைகளைப் பார்த்துட்டு, சாஞ்சுக்க ஒரு தூண் தேடிக்கலாம்.

15. மியூசியம்னு கிளம்பறதுக்கு முன்னாடி விடுமுறை நாளைக் கேளுங்க. நிறைய அரசு மியூசியங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. நல்ல நாள்னு வெள்ளிக்கிழமையாப் பார்த்துக் கிளம்பி, பூட்டு பார்த்துட்டு வந்த குடும்பம் எங்களுது.

16. மத்திய தொல்லியல் துறை டிக்கெட் போடற இடங்கள்ல 15 வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பெரியவங்களுக்கு ஆன்லைன்ல எடுத்தா கொஞ்சம் குறைச்சல். அங்கே போய் சிக்னலுக்குக் கையைத் தூக்கிட்டு நிக்காம, வீட்லயே எடுத்துடுங்க.

17. நூறு ரூபாய்க்குள்ள முழு நாள் சந்தோஷம் வேணும்னா என் சிபாரிசு, புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல். சமணர் குகைக்கோயில் மேல்தளத்துல ஒரு தாமரைக் குளமே வரைஞ்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஓவியம். 'மீன் எத்தனை, யானை எங்கேன்னு கண்டுபிடி'ன்னு விட்டா போதும், பிள்ளைங்க போனைக் கேட்காது. உள்ளே கருவறையில நின்னு 'ம்ம்ம்'னு முனகச் சொல்லுங்க, சுத்துச் சுவரெல்லாம் ரீங்காரம் போடும். என் வீட்டுக்காரர் வெளியே வரவே மாட்டேன்னுட்டார். பாறை மேல ஏறி ஏழடிப்பட்டம்ங்கற குகைக்குப் போறதா இருந்தா அதை முதல்ல காலையிலயே முடிச்சுடுங்க. பத்து மணிக்கு மேல பாறை தோசைக்கல்லுதான்.

18. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. காலையில ரெண்டு இட்லிக்கு மேல வேண்டாம், வாயில ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் அடக்கிக்கிட்டு, முன் சீட்டா பார்த்து உட்காருங்க. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கணும். இறங்கறது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். மூட்டுவலிக்காரங்க அறப்பளீஸ்வரர் கோயில்லயே உட்கார்ந்து மூட்டைக்குக் காவல் இருக்கட்டும்.

19. ஆத்துல தண்ணி ஓடும்போது கரையோரப் படிக்கட்டைத் தாண்டி யாரையும் இறங்க விடாதீங்க, நீச்சல் தெரிஞ்சவங்களையும்தான். மேல அமைதியா இருக்கும், அடியில மணல் எடுத்த பள்ளம் இருக்கும். இதுல மட்டும் நான் கண்டிப்பு மாமி.

20. ஒரு பழைய காட்டன் புடவை எப்பவும் பையில இருக்கணும். விரிச்சா ஜமக்காளம், மரத்துல கட்டினா தூளி, ரெண்டு பேர் பிடிச்சா உடை மாத்தற மறைப்பு, நனைச்சுப் போட்டுக்கிட்டா வெயிலுக்குக் குளுமை.

21. ராத்திரி தங்கறதா இருந்தா ஆளுக்கு ஒரு தலையணை உறையில துணி வைங்க. ராத்திரி அதுவே தலைக்கு வைக்க ஆச்சு, திரும்பும்போது அழுக்குத் துணி மூட்டையாச்சு. 'அம்மா, என் சட்டை எங்கே'ங்கற கேள்வி வராது.

22. சொந்தக்காரங்க வீட்ல தங்கினா ரூம் வாடகை மிச்சம்தான், ஆனா அவங்க தலையில பாரம் ஏத்தக் கூடாது. காய்கறி, பால், மாவு வாங்கிக்கிட்டுப் போய் ஒரு வேளைச் சமையலை நீங்க எடுத்துக்கோங்க. அடுத்த லீவுக்கு அவங்க பிள்ளைங்க நம்ம வீட்டுக்குன்னு அப்பவே பேசி வச்சுடுங்க.

23. தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறை வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். 1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. சீகன்பால்கு பாதிரியார் வந்து இறங்கி, தமிழ்ல புத்தகம் அச்சடிச்ச ஊரும் இதுதான். சாயங்காலக் காத்துக்குக் காசு கிடையாது, அவிச்ச வேர்க்கடலை மட்டும் கையோட கொண்டு போயிடுங்க.

24. பிள்ளைங்க கையில ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து, 'இதுக்குள்ள எது வேணா வாங்கிக்கோ, தீர்ந்தா தீர்ந்ததுதான்'னு சொல்லிடுங்க. கடைக்குக் கடை அழுகை நின்னு போச்சு. தஞ்சாவூர்ல தலையாட்டி பொம்மைக் கடை முன்னாடி கால் மணி நேரம் நின்ன என் பொண்ணு, 'அம்மா, இது என் காசுலயா, உன் காசுலயா?'ன்னு கேட்டா. 'உன் காசு'ன்னதும் பொம்மையைத் தட்டி நாலு ஆட்டு ஆட விட்டுட்டு, கீழே வச்சுட்டு வந்துட்டா.

25. சொந்த ஊரையே வெளியூர்க்காரங்க மாதிரி ஒரு நாள் பாருங்க. மலைக்கோட்டையில உச்சிப்பிள்ளையாருக்கு நானூத்துச் சொச்சம் படி ஏறுறோம்; வழியிலயே மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கு. பிள்ளையாரைப் பார்க்கிற அவசரத்துல முப்பது வருஷமா அதைத் தாண்டிப் போயிருக்கேன்!

26. எங்கேயும் போக முடியலையா, மொட்டை மாடி இருக்கு. அஞ்சு மணிக்கு ஒரு தடவை, ஏழு மணிக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சா தளத்துச் சூடு இறங்கிடும். பௌர்ணமியாப் பார்த்து நாலு வீட்டுச் சோத்தையும் ஒண்ணாக் கொட்டி நிலாச்சோறு உருட்டிப் போடுங்க. ரெண்டு உருண்டை சாப்பிடற பிள்ளை ஆறு உருண்டை சாப்பிடும்.

27. ரெண்டு நாள் வீட்டைப் பூட்டறதா இருந்தா, ஒரு வாளித் தண்ணியை உயரமா வச்சு, பழைய வேட்டிக் கிழிசலைத் திரியா முறுக்கி, ஒரு முனையை வாளியிலயும் மறு முனையைத் தொட்டி மண்ணுலயும் புதைச்சுடுங்க. துளசி வாடாது. வீடு பூட்டியிருக்குன்னு ஊருக்கே தெரிய வேண்டாம், போட்டோவெல்லாம் ஸ்டேட்டஸ்ல போடறது வீடு வந்து சேர்ந்த பிறகு.

28. நமக்கும்தானே லீவு? கிளம்பற அன்னைக்கே மாவு ஆட்டி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டா, திரும்பி வந்த ராத்திரி தோசை ஊத்தற பொறுப்பை வீட்டுக்காரர்கிட்ட விட்டுடலாம். வட்டமா வரலைன்னாலும் வாயைத் திறக்காதீங்க.

29. பயணப்பை ஒண்ணை நிரந்தரமா ஆணியில மாட்டி வைங்க: புடவை, குடை, சாக்ஸ், சின்னக் கத்தி, உப்பு-மிளகாத்தூள் டப்பா, குப்பைக்கு ரெண்டு கவர். திடீர்னு யாராவது 'போலாமா'ன்னா பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம். எங்க வீட்ல அந்தக் கத்தி மட்டும் எப்படியோ அடுக்களைக்குத் திரும்பிப் போயிடுது; போன தடவை முக்கொம்புல வாங்கின கொய்யாவை முழங்கால்ல குத்தித்தான் உடைச்சோம்.