எரிப்பது நெருப்பா?

"ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே, அப்படியிருக்க மருந்துக்கு என்ன வேலை, ஹஜ்ரத்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல். மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதி ஊதிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதன் முதற்பாதி ஹக்கானது. ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் 17-வது மஸ்அலாவில் இதையே ஆராய்கிறார்கள். பஞ்சில் நெருப்புப் படுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் கண்டது என்ன? பட்டதைக் கண்டோம், எரிந்ததைக் கண்டோம். நெருப்புதான் எரித்தது என்பதைக் கண்டோமா? இல்லை. இரண்டும் சேர்ந்து வரக் கண்டோம், அவ்வளவே. உயிரற்ற நெருப்புக்குச் செயல் ஏது? எரிதலைப் படைப்பவன் அல்லாஹ். நபி இப்ராஹீம் (அலை) அவர்களை நெருப்பு சுடாததில் வியப்பென்ன?

1739-ல் ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூமும் காரணத்தைக் கண்ணால் காண முடியாது என்றே எழுதினார். ஆனால் அவர் மனிதமனத்தின் பழக்கத்தோடு நின்றுவிட்டார். இமாமவர்களோ அல்லாஹ் நடத்திவரும் வழமையைச் சொன்னார்கள்.

காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்று இப்னு ருஷ்து (ரஹ்) எதிர்த்தெழுதினார்கள். இலேசான மறுப்பல்ல. ஆனால் இமாமவர்களே இதை எதிர்பார்த்திருந்தார்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்த கிதாபு இந்நேரம் குதிரையாக மாறி, அறையெல்லாம் சாணமிட்டிருக்குமோ என்று அஞ்ச வேண்டுமா? (இமாமவர்கள் காட்டிய உதாரணமேதான் இது!) வேண்டாம். அல்லாஹ்வின் ஆற்றலுக்கு அது முடியும். ஆனால் அப்படி நடக்காது என்ற அறிவையும் அவனே நம் உள்ளத்தில் படைத்திருக்கிறான்.

இனி, அந்தத் தகப்பனாருக்கு வருவோம். 'இஹ்யா'வில் தவக்குலைப் பற்றிய பாடத்தில், உணவு முன்னேயிருக்கக் கை நீட்டாமல் பசி தீரக் காத்திருப்பது தவக்குல் அல்ல, பைத்தியம் என்கிறார்கள் இமாமவர்கள். அங்கே சபபுகள் மூன்று தரம். பசிக்கு ரொட்டி உறுதியானது. வைத்தியரின் மருந்து பெரும்பாலும் பலன் தருவது. ஓதிப் பார்த்தலோ அதற்கும் கீழே! இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

மருந்தை விடுவது ஹராம் என்று இமாமவர்கள் சொல்லவில்லையே என்றார். உண்மைதான். தம் நோயில் ஒருவர் எடுக்கும் முடிவு அது. ஆனால் குடும்பஸ்தர் தம் மக்களைப் பசியில் பொறுக்க வைக்கக் கூடாது என்றும் அதே பாடத்தில் இருக்கிறதே! பசிக்கு அப்படியென்றால், பேசத் தெரியாத பிள்ளையின் காய்ச்சலுக்கு?

அவர் பதில் சொல்லாமல் எழுந்தார். அன்று அஸருக்குப் பின் மாத்திரை கொடுத்தாராம். ஓதுவதையும் விடவில்லை.