கைபேசியும் புள்ளடியும்



"எந்நேரமும் போனைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கான்" என்று லயத்துக்கு லயம் அம்மாமார் குறைப்படுகிறார்கள். அந்தப் போன் அரசியலில் என்ன செய்யும்? யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

2024 ஜூலையில், சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பொறுப்பில் இருந்த வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, அங்கே குறைகள் இருப்பதாக பேஸ்புக் நேரலையில் பேசினார். அதை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் வீடியோ ஊரெல்லாம் பரவியது. ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் திரண்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 14இல் பொதுத் தேர்தல். அவர் சுயேச்சைக் குழுவில் நின்றார். யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்று அந்தக் குழுவுக்குக் கிடைத்தது.

வீடியோ பார்த்ததால் மட்டும் ஆசனம் வரவில்லை. 27 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்குச் சாவடிக்குப் போய்ப் புள்ளடி போட்டார்கள். தேர்தலில் யாரும் "லைக்" எண்ணுவதில்லை. புள்ளடியைத்தான் எண்ணுவார்கள்.

நம்ம பிள்ளைகளும் இதைச் செய்து காட்டியவர்கள்தான். 2018 ஒக்டோபரில், தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு, மலையக இளைஞர்கள் பேஸ்புக்கில் ஒருவரை ஒருவர் அழைத்து, கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். அந்தச் சம்பளம் 2021இல்தான், சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. கூடுவது ஒரு நாள் வேலை. விடாமல் கேட்பது பல வருஷ வேலை.

இதே போனால் கேடும் வரும். 2018 மார்ச்சில் கண்டி, திகனையில் முஸ்லிம் மக்களைத் தாக்கியபோது, பேஸ்புக்கில் பரவிய பொய்யும் வெறுப்பும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின. அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கி வைத்தது.

ஆகவே வீட்டில் மூன்று பழக்கம் வேண்டும்:

1. ஒரு செய்தி வந்தால், யார் சொன்னது, எப்போது நடந்தது என்று விசாரியுங்கள். தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

2. ஒரு இனத்தையோ மதத்தையோ ஏசும் வீடியோவை உங்கள் போனோடு நிறுத்துங்கள்.

3. 18 வயதான பிள்ளையின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள், வாக்கையும் இழந்தார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த வாக்கு இது. போனில் பேசுங்கள், கேள்வி கேளுங்கள். தேர்தல் நாளில் மறக்காமல் போய்ப் புள்ளடி போடுங்கள்.