அச்சமும் ஆராய்ச்சியும்: ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தைக் காணும் முறை

அச்சம் என்பது எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அஃது எவற்றால் தோன்றும் என வகுக்கப் புகுந்த தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைக் கூறினார். தேனிக்குத் தெற்கே, வருசநாட்டு மலைகளை நோக்கிச் செல்லும் வழியில், மூலவைகையை அடுத்து வாழும் கடமலைக்குண்டு மக்களுக்கு இந்நான்கினையும் விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. இருளில் தனித்து நிற்கும் புளியமரம் அணங்கிற்கு உறைவிடம்; மேகமலைக் காட்டில் யானையும் சிறுத்தையும் உலவுகின்றன; ஆளற்ற பாதையிற் கள்வரை எண்ணி விரைந்து நடப்பார் உண்டு; அதிகாரியின் முன்னே நாத் தடுமாறுவாரும் உண்டு. இந்நான்கிற்கும் பொதுவாகிய இயல்பு ஒன்றனை நோக்குக. அச்சம் தரும் பொருள் நமக்குப் புறத்தே நிற்கின்றது. வீட்டிற்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டால் நெஞ்சு ஓரளவு அடங்கும்.

தாழிட்ட கதவிற்கு உட்புறத்தேதான் அச்சம் இருக்கிறதென்றால் யாது செய்வது? அன்புடன் சோறு பரிமாறும் கையே கொலை செய்த கையானால் எங்கே ஓடுவது? இவ்வினாவினின்று பிறந்ததே மனோதத்துவத் திகிற்படம் எனப்படும் கலைவகை. பேயும் புலியும் இதற்கு வேண்டா. மனித மனத்தின் ஆழத்தில் மறைந்து கிடக்கும் காயமும் வெறுப்புமே இதன் பொருள். இவ்வகைப் படத்தை அறிவுடன் காண்பது எங்ஙனம் என்பதனை, நம் பள்ளத்தாக்கினர் இருவர் பங்குகொண்டு ஆக்கிய ஒரு படத்தைக் கொண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை அறிதல் நலம். துப்பறியும் படம் வேறு. மனோதத்துவத் திகிற்படம் வேறு. 1954-ஆம் ஆண்டில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்து, ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ முன்னதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாட்டும் நடனமும் இன்றி எடுக்கப்பட்ட அப்படத்தில், கொலையுண்டவனைப்பற்றி ஒவ்வொருவரும் தத்தம் நோக்கிலே கதை கூறுகின்றனர். ‘கொன்றவர் யார்?’ என்பதே காண்போர் உள்ளத்தை இறுதிவரை ஈர்க்கும் வினா. மனோதத்துவத் திகிற்படமோ அவ்விடையைத் தொடக்கத்திலேயே நம் கையிற் கொடுத்துவிடக்கூடும். ‘இவன் ஏன் இவ்வாறு ஆனான்? இவள் இதனை எப்பொழுது அறிவாள்?’ என்பனவே அதன் வினாக்கள்.

தேனி அல்லிநகரத்திற் பிறந்த பாரதிராஜா, 1977-இல் ‘பதினாறு வயதினிலே’ படத்தால் கிராமத்து மண்ணைத் திரைக்குக் கொணர்ந்தார். 1978-இல் ‘கிழக்கே போகும் ரயில்’ வெளிவந்தது. கிராமத்தையன்றி வேறொன்றும் இவர் அறியார் எனச் சிலர் கருதத் தொடங்கிய வேளையில், அதே ஆண்டிலேயே, பட்டணத்துச் செல்வன் ஒருவனின் இருண்ட உள்ளத்தைக் காட்டும் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தை அளித்தார். பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா இசை அமைத்தார். பி. எஸ். நிவாஸ் ஒளிப்பதிவு செய்தார். கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் தலைமைப் பாத்திரங்களை ஏற்றனர்.

கதை சுருக்கமானது. திலீப் என்பான் செல்வமும் அழகும் இனிய சொல்லும் உடையவன். பெண்களை வயப்படுத்திக் கொல்பவன். கொலையுண்டார் அவன் மாளிகைத் தோட்டத்திற் புதைக்கப்பட, அவ்விடத்தில் ரோஜாச் செடிகள் பூக்கின்றன. துணிக்கடையில் வேலை செய்யும் சாரதாவைக் கண்டு விரும்பும் அவன், அவளை முறைப்படி மணந்து அம்மாளிகைக்கே அழைத்து வருகிறான். அவள் தன் கணவன் யாரென்பதைத் தானே கண்டறிதலே படத்தின் பிற்பகுதி. முடிவை ஈண்டு எழுதுவது, படம் காணாதார்க்கு இழைக்கும் தீங்காகும். ஆதலின் அதனை விடுத்தோம்.

இனி, இப்படத்தைக் காணுங்கால் உள்ளத்திற் கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, யார் எதனை எப்பொழுது அறிகின்றார் என்பதனைக் கவனித்தல். திடுக்கிடல் வேறு, பதைத்தல் வேறு என்று ஆங்கிலப் பட மேதை ஆல்பிரட் ஹிட்ச்காக் விளக்கியுள்ளார். நம் களத்து வழக்கில் அதனைச் சொல்லலாம். வைக்கோற்போரினின்று நாகம் திடீரெனச் சீறினால் நாம் ஒரு நொடி திடுக்கிடுவோம். நாகம் உள்ளிருப்பதை நாம் அறிந்திருக்க, அறியாத குழந்தை அப்போரின்மேல் ஏறி விளையாடுமாயின், அவ்விளையாட்டு முடியுமளவும் பதைப்போம். திலீப்பின் செயலை நாம் முன்னரே அறிவோம், சாரதா அறியாள். ஆதலினாலேதான், அவள் மணமகளாய் அம்மாளிகையினுள் நுழையும் மங்கலக் காட்சி நமக்கு அச்சக் காட்சியாகிறது. அவள் முறுவலிக்குந்தோறும் நம் நெஞ்சு நடுங்குகிறது.

இரண்டாவது, முகத்தைப்பற்றிய நம் நம்பிக்கையை டைரக்டர் எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பது. ‘பதினாறு வயதினிலே’ படத்திற் சப்பாணியாகவும் மயிலாகவும் இவ்விருவரையும் கண்டு மக்கள் உருகினர். மறு ஆண்டிலேயே, கள்ளமற்ற சப்பாணியின் முகத்தைக் கொலைஞனுக்கு அணிவித்தார் பாரதிராஜா. வில்லன் என்றால் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் உடையவன் எனப் பழகிய நமக்கு, அழகிய முகமே ஐயத்திற்குரியதாகிவிடுகிறது. முகத்தைக் கொண்டு மனத்தை அளப்பது எத்துணைப் பேதைமை என்பதனைப் படம் சொல்லாமற் சொல்கிறது.

மூன்றாவது, பொருள்கள் பேசும் மொழி. ரோஜா நம் நாட்டில் அன்புக்கும் மணத்திற்கும் உரிய மலர். அதனையே பிணத்தின்மேல் வளர்த்தமையால், படத்தின் பெயரே இருபொருள் பட நிற்கின்றது. பூவைக் காணுந்தோறும் அதன் வேரை எண்ணுகிறோம். நல்ல படத்தில் ஒரு பொருள் அழகுக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை.

நான்காவது, செவியாற் காணுதல். ஐந்தாறு பாடல்கள் வழக்கமாயிருந்த அந்நாளில் இப்படத்தில் இரண்டே பாடல்கள். எஞ்சிய இடமெல்லாம் பின்னணி இசைக்கும், அதனினும் அரிய மௌனத்திற்கும் உரியது. இசை எங்கே தொடங்குகிறது என்பதனைவிட, எங்கே நிற்கிறது என்பதனைக் குறித்துக்கொள்க. அச்சம் பெரும்பாலும் அவ்விடத்தேதான் பிறக்கும்.

ஐந்தாவது, இவற்றுள் எல்லாம் தலையாயது, காண்போனாகிய நம்மை நாமே நோக்குதல். இப்படத்தில் திலீப்பின் கொலைகள் படமாகப் பிடிக்கப்படுகின்றன; அவற்றை அவனை வளர்த்த தந்தை கண்டு களிக்கிறான். 1960-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ படத்திலும் காமிராவுடன் திரியும் கொலைஞன் ஒருவன் உண்டு. இருளில் அமர்ந்து, ஒரு பெண் துன்புறுதலைத் திரையிற் காணும் அக்கிழவனுக்கும், கட்டணம் செலுத்தி அதனையே காணும் நமக்கும் வேறுபாடு யாது? இவ்வினாவை எழுப்பிய அளவிலே இப்படம் சாதாரணக் கொலைக்கதையினின்று உயர்ந்து நிற்கின்றது.

அவ்வினாவிற்குப் படம் நேர்மையான விடை அளிக்கின்றதா? ஈண்டுத்தான் நாம் ஆராய்ச்சியுடன் நிற்றல் வேண்டும். திலீப்பின் இளமை வரலாறு நமக்குக் கூறப்படுகிறது. ஆதரவற்ற சிறுவனாகிய அவன், ஒரு வீட்டிற் செய்யாத குற்றத்திற்கு ஒரு பெண்ணாற் பழி சுமக்கிறான். மற்றொரு வீட்டில், கணவனுக்குத் துரோகம் செய்த மனைவி கொல்லப்படுதலைக் காண்கிறான். ஆதலின் பெண்ணினம் முழுவதையும் வெறுக்கிறான் என்பது கதை. ஒன்றிரண்டு கண்டு உலகனைத்திற்கும் முடிபு கூறுதல் அளவை நூலார் விலக்கிய குற்றம். நோயுற்ற உள்ளம் அக்குற்றத்தைச் செய்வது இயல்பே; அதனை அவ்வாறே காட்டுதலும் கலைஞனுக்கு உரிமையே. ஆயின், வெறுப்பிற்குக் காரணமான பெண்களின் தீமை விரிவாகக் காட்டப்பட, ரோஜாச் செடியின் கீழ்க் கிடப்பாரின் வரலாறு எத்துணை காட்டப்படுகிறது? அவர்க்குத் தாய் தந்தையர் இலரோ? அவரைத் தேடி ஒருவரும் அழவில்லையோ? கொன்றவனின் துயரத்திற்குக் கண்ணீர் சிந்தும் நாம், கொலையுண்டாரின் பெயரையும் நினைவிற் கொள்ளாது அரங்கை விட்டு எழுவோமாயின், அக்கிழவனுக்கு வெகு தூரத்தில் இல்லை.

1980-இல் பாலு மகேந்திரா அளித்த ‘மூடுபனி’ படத்தை இதனோடு ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். இளையராஜாவிற்கு அது நூறாவது படம். அதில் பிரதாப் போத்தன் ஏற்ற பாத்திரத்தின் மனக்காயத்திற்குக் காரணம், தாயைத் துன்புறுத்திய தந்தையின் கொடுமை. காரணம் ஆண்மகனிடத்தே இருப்பினும், அங்கும் உயிரிழப்போர் பெண்களே என்பதனை நோக்குக. கதையின் காரணங்கள் மாறினும் பலியாவோர் மாறாமை, ஒரு டைரக்டரின் குறையன்று. அக்காலத்து நம் சமூகத்தின் உள்ளக்கிடக்கையையும் அது காட்டுகிறது.

மற்றொரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். இத்தகைய படங்களைக் கண்டு, மனநோயுற்றார் அனைவரும் கொலைக்கு அஞ்சாதவர் எனச் சிலர் கருதுகின்றனர். மனநோயுற்றாருட் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கு செய்யார். பிறரால் தீங்குறுவோரே அவருட் பலர். திரையிற் கண்ட திலீப்பை நினைந்து, தெருவில் தனக்குள் பேசிச் செல்லும் ஏழை ஒருவன்மேற் கல்லெறிவது, படத்தையும் அறியாத, மனிதனையும் அறியாத செயல்.

அங்ஙனமாயின் இப்படத்தைக் காணாதொழிதல் நன்றோ எனின், அன்று. நயத்தல் வேறு, உடன்படுதல் வேறு. ஒரு படத்தின் கலைத்திறத்தை வியந்துகொண்டே, அதன் கருத்தோடு வழக்காடலாம். அவ்வாறு வழக்காடுதற்கு இடந்தரும் படமே பல்லாண்டு நிற்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இப்படத்தைப்பற்றி மக்கள் பேசுதல், அது வெறும் அச்சத்தை விற்கும் சரக்கன்று என்பதற்குச் சான்று.

ஆகவே மாணவ நண்பர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய படத்தை இருமுறை காண்க. 1960-இல் ‘சைக்கோ’ வெளிவந்தபோது, படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடலாகாது என ஹிட்ச்காக் கட்டளையிட்டார். முதன்முறை அவ்விதியைப் போற்றித் தொடக்கம் முதல் இறுதி வரை இடைவிடாது கண்டு, அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுக. இரண்டாம் முறை குறிப்பேட்டுடன் அமர்ந்து, யாருடைய கண்வழியாக நாம் காண்கிறோம், யாருடைய குரல் நமக்குக் கேட்கப்படவில்லை என்பனவற்றை எழுதுக. பின்னர் அதனை உம் வீட்டுப் பெண்டிரோடு, தமக்கை தங்கையரோடு கலந்து பேசுக. கதவிற்கு உள்ளிருக்கும் அச்சத்தைப்பற்றி அவர் கூறுவன, நீர் திரையிற் கண்டதனினும் மிகுதியாக இருத்தல் கூடும். அவற்றைப் பொறுமையுடன் கேட்டறிதலே இப்படத்தைக் கண்டதன் முழுப்பயனாகும்.