படியேறும் உடலும் ஹைபோதாலமஸும்

சித்தூர் வழியாகத் திருப்பதி வந்து சேரும் தமிழக யாத்திரிகர்களுள் பலர் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே செல்கின்றனர். தொலைவு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். படிகள் சுமார் 3,550. கோடையில் அடிவாரத்து வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. பாதைக் கூரை நிழல் தந்தாலும், ஏறுபவரின் தசைகளே வெப்பத்தை உண்டாக்குகின்றன. எனினும் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை விட்டு வெகுவாக விலகுவதில்லை.

இதனைக் காப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதாலமஸ். எடை சுமார் 4 கிராமே. இரத்தத்தின் வெப்பம் சற்றே கூடினாலும் அது உணர்ந்து, தோலின் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது, வியர்வையைத் தூண்டுகிறது. வியர்வை வழிவதால் அன்று, ஆவியாவதாலேயே உடல் குளிர்கிறது. புழுக்கமான நாளில் ஏற்றம் கடினமாவது இதனால்தான்.

நீர் குறைந்து இரத்தத்தின் செறிவு 1 அல்லது 2 சதவீதம் உயர்ந்தாலே ஹைபோதாலமஸ் தாகத்தை எழுப்புகிறது. வாசோபிரஸின் என்னும் ஹார்மோன் மூலம் சிறுநீரகங்களை நீரைச் சேமிக்கச் செய்கிறது. முதியோரிடம் இத்தாக உணர்வு மங்கிவிடுகிறது. தரிசனம் முடியும்வரை நீரும் அருந்துவதில்லை என்று நண்பகலில் படியேறும் முதியவர், தமக்குத் தாகமில்லை என்பதையே நலத்தின் அறிகுறியாகக் கொள்ளக்கூடும். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

காய்ச்சலில் ஹைபோதாலமஸே தன் வெப்ப அளவை உயர்த்திக்கொள்கிறது. மாத்திரை அதனைத் தணிக்கும். வெப்பத் தாக்கில் அந்தக் காவலே தோற்றுவிடுகிறது. உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்; அறிவு தடுமாறும். காய்ச்சல் மாத்திரை இங்கே பயன்படாது. நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறியபடியே மருத்துவரை நாட வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயில் நீர் புகட்டலாகாது.